பங்கு ஏடுகளில் நம் பாட்டன்மார்

புனித மத்தேயு தமது நற்செய்தியைப் புதுமை ஒன்றைக் கூறித் தொடங்கவில்லை. போதனை ஒன்றைக் கூறியும் தொடங்கவில்லை. பெயர்களின் நீண்ட வரிசையொன்றைக் கூறியே தொடங்குகிறார். ஆண்டுதோறும் டிசம்பர் 17-ஆம் நாள் திருப்பலியில் அப்பகுதி வாசிக்கப்படும்போது, நம் மக்களில் பலர் அதனைப் பொறுமையோடு தாங்கிக்கொள்வதை நாம் பீடத்திலிருந்து கண்டிருக்கிறோம். ஆபிரகாம் முதல் சூசையப்பர் வரை இத்தனை பெயர்களும் எதற்கு என்று நற்கருணை வகுப்புச் சிறுவன் ஒருவன் எம்மிடம் கேட்டதும் உண்டு. அன்று நாம் கூறிய விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. நிறைவான விடை சில ஆண்டுகள் கழித்து, எமது பங்கு இல்லத்து மர அலமாரியிலிருந்து கிடைத்தது. அதனை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் கடந்து வந்த பெரியவர்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சம்பா அறுவடை முடிந்து களங்களில் வைக்கோற்போர் ஏறிக்கொண்டிருந்த தை மாதத்துக் காலையில், வாடகைக் கார் ஒன்று கோவில் வாசலில் வந்து நின்றது. எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரும், கல்லூரி மாணவியான அவருடைய பேத்தியும் இறங்கினர். இருவரும் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர்கள். பெரியவருடைய பாட்டனார் வாலிப வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு சென்று, இரப்பர்த் தோட்டமொன்றில் வேலைக்கு அமர்ந்தவர். ஊர் திரும்பவேயில்லை. அவர் தம் மக்களுக்கு விட்டுச் சென்றவை இரண்டே செய்திகள்: ஊரின் பெயர் ஒன்று, தமக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பட்ட கோவிலின் பாதுகாவலர் பெயர் மற்றொன்று.

“என் பாட்டனார் பெயர் உங்கள் புத்தகத்தில் இருக்குமா, ஃபாதர்?” என்று பெரியவர் கேட்டார். கேட்கும்போதே குரல் தழுதழுத்தது.

கோவில்பிள்ளை சாவியைக் கொண்டுவந்து அலமாரியைத் திறந்தார். 1890-ஆம் ஆண்டுகளின் ஞானஸ்நான ஏட்டை மேசைமேல் வைத்தோம். அக்காலத்துக் கருமை இரும்புத் துருவின் நிறமாகி, சில வரிகளில் தாளையே அரித்துவிட்டிருந்தது. பாட்டனாரின் பெயரோ, புனித சவேரியாரின் பெயரைத் தழுவி, தெருவுக்கு நால்வர் தாங்கும் பெயர். அந்தப் பத்தாண்டுகளில் மட்டும் அப்பெயருடைய குழந்தைகள் ஒன்பதுபேர் இருந்தனர். தகப்பனார் பெயரைக் கொண்டு ஐவரை விலக்கினோம். ஊர்ப் பெயரைக் கொண்டு மேலும் இருவரை விலக்கினோம். எஞ்சிய இருவரில் எவர்?

அப்போதுதான் ஒரு பதிவின் ஓரத்தில், வேறொரு குருவின் சிறிய கையெழுத்தில், பிற்காலத்தில் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று கண்ணிற்பட்டது. இவர் 1921-இல் பினாங்கில் திருமணம் செய்துகொண்டார் என்றும், மணமகளின் பெயர் இன்னது என்றும் இலத்தீனில் இரண்டு வரிகள். பெரியவர் தம் பாட்டியாரின் பெயரை நாம் வாசிக்கக் கேட்டதும், நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

கடலுக்கு அப்பால் நடந்த திருமணம் காவிரிக்கரைச் சிற்றூரின் ஏட்டில் எவ்வாறு ஏறியது? 1907-இல் வெளியிடப்பட்டு 1908-ஆம் ஆண்டுப் பாஸ்காத் திருநாள் முதல் நடைமுறைக்கு வந்த உரோமை ஆணை ஒன்றே காரணம். திருமணத்தை நடத்திவைக்கும் குரு, மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அச்செய்தியை எழுதி அனுப்பவேண்டும். அங்குள்ள குரு அதனை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கவேண்டும் என்று அவ்வாணை விதித்தது. முதல் மனைவி இருக்க, தூரதேசத்தில் மறுமணம் செய்துகொள்வதைத் தடுப்பதும் இதனால் எளிதாயிற்று. பினாங்கில் ஒரு குரு தம் கடமையைச் செய்தார். இங்கே ஒரு குரு தம் கடமையைச் செய்தார். அவ்விரு குருக்களும் ஒருவரையொருவர் கண்டதில்லை. நூறு ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பம் தன் வேரைக் கண்டுகொண்டது.

அதே பதிவில் இன்னொரு சொல்லும் இருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஏடுகள் பிறந்த வரலாறு

பங்கு ஏடுகளை எழுதுவது குருவானவருடைய விருப்பத்தைப் பொறுத்ததன்று; திருச்சபையின் சட்டம். 1563-ஆம் ஆண்டு நவம்பரில் திரெந்து பொதுச்சங்கம், சாட்சியின்றி மறைவாகச் செய்துகொள்ளும் திருமணங்களால் பெண்கள் கைவிடப்படும் கொடுமையைக் கண்டு, மணமக்கள் பெயரையும் சாட்சிகள் பெயரையும் நாளையும் இடத்தையும் ஏட்டில் எழுதி வைக்கவேண்டுமென்று பங்குகுருக்களைப் பணித்தது. ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதச் சொல்லிற்று. 1614-இல் பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல் ஐந்து ஏடுகளை வகுத்தது: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், மரணம், இவற்றோடு ஆன்ம நிலை ஏடு. இந்த ஐந்தாவது ஏட்டில்தான் வீடுவீடாக, இன்ன குடும்பத்தில் இன்னின்னார் வாழ்கின்றனர் என்னும் கணக்கு இருக்கும். இன்று நம் பங்குகளிலுள்ள குடும்ப அட்டைக்கு அதுவே தாய்.

1983-இல் வெளியான புதிய திருச்சபைச் சட்டத்தொகுப்பும் இக்கடமையை உறுதிசெய்து, பழைய ஏடுகளைக் கவனமாகக் காக்கும் பொறுப்பையும் சுமத்தியுள்ளது. அரசின் சட்டமும் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, நம் கோவில்களில் நடைபெறும் திருமணங்களின் பதிவுகளை மூன்று மாதத்திற்கொருமுறை அரசுப் பதிவு அலுவலகத்திற்கு அனுப்பவேண்டும். பிறப்பையும் இறப்பையும் பதிவதற்கான மத்திய அரசின் சட்டமோ 1969-இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு முன்னரே சென்னை மாகாணத்தில் பதிவு இருந்ததாயினும், சிற்றூர்களில் விடுபட்ட பிறப்புகள் ஏராளம். ஆகவே நம் முதியோர் பலருக்குப் பிறந்த நாளைக் காட்டும் ஒரே எழுத்து பங்கு ஏட்டில் உள்ள எழுத்தேயாகும்.

பிற நாட்டார் இவ்வேடுகளை எவ்வாறு போற்றுகின்றனர் என்பதும் நாம் அறியத்தக்கது. இங்கிலாந்தில் 1538-ஆம் ஆண்டு அரசாணையால் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதத் தொடங்கியது. புதிய வரி விதிக்கவே இந்தக் கணக்கு என்று மக்கள் முதலில் அஞ்சினராம். ஏட்டை வைக்கும் பெட்டிக்குப் பல பூட்டுகள் இட்டு, குருவிடம் ஒரு சாவியும் கோவில் பொறுப்பாளர்களிடம் மற்றச் சாவிகளும் இருக்குமாறு செய்தனர். 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு நகல் ஆயரிடம் செல்லவேண்டும் என்றும் ஏற்பட்டது. அதன் பயன் யாது? 1981-இல் ஆங்கில வரலாற்றறிஞர் இருவர், 404 பங்குகளின் ஏடுகளைக் கொண்டு, அந்நாட்டின் மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட மக்கள்தொகை வரலாற்றையே எழுதிவிட்டனர். அயர்லாந்தின் கதையோ வேறு. 1922-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் டப்ளின் நகர அரசு ஆவணக்காப்பகம் தீக்கிரையாயிற்று. அங்கு ஒப்படைக்கப்பட்டிருந்த அரசாங்கத் திருச்சபையின் ஏடுகள் பல அழிந்தன. கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளோ அந்தந்தக் கோவிலிலேயே இருந்தமையால் பிழைத்தன. அவற்றை அந்நாட்டு தேசிய நூலகம் படச்சுருளில் எடுத்து, 2015-இல் உலகத்தார் அனைவரும் இலவசமாகக் காணச் செய்தது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிப்பதும் ஆபத்து. நகலெடாமல் வைத்திருப்பதும் ஆபத்து என்பது இதனால் விளங்கும்.

சோழமண்டலத்தில் பெயர் பொறித்தல்

பெயரை எழுத்தில் பதிப்பது சோழமண்டலத்திற்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைப் பெயர் சொல்லி, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் வாழ்பவர் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். ‘பங்கு’ என்னும் அதே சொல்லால் நாம் இன்று நம் கோவிற்சமூகத்தைக் குறிக்கிறோம். பெயர் எழுதப்பட்டவருக்குப் பங்கு உண்டு என்பது இம்மண்ணின் பழைய வழக்கம்போலும்.

அதே பெரிய கோயிலின் மதிலில், 1803-இல் மன்னர் இரண்டாம் சரபோஜி தம் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றை மராட்டிய மொழியில் கல்லில் வெட்டுவித்தார். அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு. நாற்று நட்டவளுக்கும், கமலை இறைத்தவனுக்கும், வலை வீசியவனுக்கும் எது உண்டு? அவர்கள் பெயரைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்தவை பங்கு ஏடுகளே. பண்ணையாரின் மகனுக்கும் பண்ணையாளின் மகனுக்கும் ஒரே ஏட்டில் ஒரே அளவு இடம் கிடைத்தது. இது சிறிய செய்தியன்று.

எந்தக் கோவிலில் தேடுவது?

காவிரிப் படுகையில் முன்னோரைத் தேடுபவர் முதலில் அறியவேண்டியது, இந்நாட்டின் திருச்சபை எல்லைகள் பலமுறை மாறியவை என்பதாம். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் இருந்தனர். 1658-இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியரிடம் இருந்தது. அங்கே 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் முதலான லூத்தரன் போதகர்களின் சபையில் நம் முன்னோரின் உறவினர் சிலரும் சேர்ந்தமையால், தேடல் சிலவேளை அச்சபையின் ஏடுகள் வரைக்கும் செல்லும். காரைக்கால் 1739 முதல் 1954 வரை, இடையிடையே ஆங்கிலேயர் பிடித்த காலம் நீங்கலாக, பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது.

உள்நாட்டிலோ, மதுரை மறைப்பரப்பைச் சேர்ந்த சேசுசபைக் குருக்கள், புனித அருளானந்தரைப் போன்றோர், வேதகலாபனைக்கு இடையே மறைந்து மறைந்து பயணம் செய்து ஞானஸ்நானம் அளித்தனர். நிலையான பங்கு இல்லாத காலத்தில் உபதேசியாரின் நினைவே ஏடாக இருந்தது. அத்தகைய உபதேசியாருக்கென்றே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் நூலை இயற்றினார். 1773-இல் சேசுசபை கலைக்கப்பட்டது. அச்சபையார் மதுரை மறைப்பரப்புக்கு மீண்டும் வந்தபோது அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. போர்த்துக்கல் அரசின் ஆதரவிலிருந்த குருக்களுக்கும் உரோமையிலிருந்து நேரே அனுப்பப்பட்ட குருக்களுக்கும் இடையே அதிகார வழக்கு நீண்டு, 1886-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஓரளவு தணிந்தது. அக்காலத்தில் ஓரூரிலேயே இரு தரப்புக் கோவில்கள் இருந்ததுண்டு. அண்ணன் ஒரு கோவிலிலும் தம்பி மறு கோவிலிலும் திருமணம் செய்துகொண்டிருக்கலாம்.

கும்பகோணம் மறைமாவட்டம் 1899-இல் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது. தஞ்சை மறைமாவட்டம் 1952-இல் மயிலாப்பூரிலிருந்து பிரிந்து, மேதகு ஆர். ஏ. சுந்தரம் ஆண்டகையை முதல் ஆயராகப் பெற்றது. ஆகவே தஞ்சைக் குடும்பமொன்றின் வேர் மயிலாப்பூர், புதுச்சேரி, திருச்சி ஆகிய இடங்களின் ஆவணங்களிலும் படர்ந்திருக்கலாம். குருக்களின் நாட்டிற்கேற்ப இலத்தீன், போர்த்துக்கீசியம், பிரெஞ்சு, தமிழ் என ஏட்டின் மொழியும் மாறும்.

இலத்தீனில் எழுதிய குரு, நம் பாட்டனாரை நாம் அழைத்த பெயரால் எழுதியிருக்கமாட்டார். ஏட்டில் பேத்ருஸ் என்றிருந்தால் வீட்டில் இராயப்பன். பவுலுஸ் என்றால் சின்னப்பன். யொவான்னெஸ் என்றால் அருளப்பன். அலோய்சியுஸ் என்றால் ஞானப்பிரகாசம். இஞ்ஞாசியுஸ் என்றால் இன்னாசி. போர்த்துக்கீசியரின் சந்தியாகுவும் கித்தேரியும் அப்படியே தமிழாகி நம்மோடு தங்கிவிட்டனர். இதனை அறியாமல், ‘எங்கள் பாட்டனார் பெயர் இல்லை’ என்று ஏமாற்றத்தோடு திரும்பியவர்களும் உண்டு.

பெயர் காலத்தையும் காட்டும். சலேத் என்னும் பெயர் 1846-இல் பிரான்சு நாட்டு லா சலேத் மலையில் அன்னை காட்சியளித்த பிறகே தோன்றியிருக்க முடியும். லூர்து என்னும் பெயர் 1858-க்குப் பிற்பட்டது. பாத்திமா என்று கிறிஸ்தவப் பெண்ணுக்குப் பெயரிட்டது 1917-க்குப் பிற்பட்டது. மேலும் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரை மூத்த பேரனுக்கு இடும் வழக்கத்தால், ஒரே இரு பெயர்கள் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் மாறிமாறி வரும். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு இதுவே குடும்பப் பெயர்போல் வழிகாட்டுகிறது. ஞானப்பெற்றோரின் பெயர்களும் அவ்வாறே. தாய்மாமனும் அத்தையும் ஞானப்பெற்றோராக நின்றமையால், அப்பெயர்களின் வழியே தாய்வீட்டுக் கிளையையும் கண்டுகொள்ளலாம்.

ஏட்டில் உறைந்த கண்ணீர்

ஞானஸ்நான ஏடு மகிழ்ச்சியின் ஏடு. மரண ஏட்டை எடுத்தால் கை தயங்கும். ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நம் பாட்டிமார் கூறிவந்தது 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தை. 1918-இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல், 1924 சூலையில் காவிரி பெருக்கெடுத்த வெள்ளம், 1952 நவம்பர் 30-ஆம் நாள் புயல், 1977 நவம்பர் 12-ஆம் நாள் நாகைப் புயல் ஆகிய ஒவ்வொன்றும் இப்படுகையின் வீடுகளில் நுழைந்தது. எமது பங்கின் 1918-ஆம் ஆண்டு ஏட்டில், அன்றிருந்த குரு முதலில் அழகான எழுத்தில் முழு விவரமும் எழுதியிருக்கிறார். வாரங்கள் செல்லச் செல்ல எழுத்து சிதறுகிறது, வரி குறுகுகிறது, இறுதியில் பெயரும் வயதும் மட்டுமே இருக்கின்றன. அந்தப் பக்கத்தைவிட உருக்கமான சரித்திரம் எதனையும் நாம் படித்ததில்லை.

பெயரற்ற சாவும் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வேளாங்கண்ணியிலும் நாகைக் கடற்கரையிலும் கொண்டுபோனவர்களில் அடையாளம் தெரியாதவர் பலர் ஒன்றாகவே அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களை எந்த ஏட்டில் எவ்வாறு எழுதுவது? பெயர் என்பது எத்துணைப் பெரிய சொத்து என்பது அன்றுதான் பலருக்கும் விளங்கிற்று.

பேத்தி கேட்ட கேள்வி

இனி, நாம் பின்னர்க் கூறுவதாகச் சொன்ன செய்தி. பெரியவர் எழுந்து நின்று கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பேத்தி ஏட்டைக் கைப்பேசியில் படமெடுக்க அனுமதி கேட்டாள். பிறகு, தகப்பனார் பெயருக்கு அடுத்து இருந்த சொல்லொன்றைச் சுட்டிக் காட்டி, “இது என்ன, ஃபாதர்? இதுவும் பெயரா?” என்று கேட்டாள்.

அது பெயரன்று; சாதி. அதே பக்கத்தில் ஒவ்வொரு பதிவிலும் அச்சொல்லின் இடத்தில் ஏதோ ஒரு சொல் இருந்தது. பெரியவர் அதனைப் பார்த்தார், அவருக்குத் தெரிந்திருந்தது. நூறு ஆண்டுகளாக அவர் குடும்பம் பேசாமல் விட்டிருந்த சொல் அது. “விடு, அம்மா” என்று மெல்லக் கூறி ஏட்டை மூட முயன்றார். நாம் அவர் கையைப் பற்றித் தடுத்து, அப்பெண்ணுக்கு உள்ளதை உள்ளபடியே விளக்கினோம். ஒரே தண்ணீரை எல்லாத் தலைமீதும் வார்த்த கைதான் அந்தச் சொற்களையும் எழுதிற்று. அச்சொல் உன் முன்னோரின் இழிவன்று, எழுதிய எங்களுடைய இழிவு என்றோம். எம் நாட்டில் இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டாகவே இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

இவ்வேடுகளால் வேறொரு வேதனையும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியினர் என்னும் தகுதி கிறிஸ்தவர்களுக்கு இல்லை. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது நீட்டிக்கப்பட்டது, நமக்கு நீட்டிக்கப்படவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரி வழக்கொன்றில் ஒரு பெண்ணின் சாதிச் சான்றிதழ்க் கோரிக்கையை மறுத்தபோது, குழந்தைப் பருவத்தில் அவர் பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவும் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே, “சாமி, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுங்கள், புத்தகத்தில் மட்டும் எழுதவேண்டாம்” என்று கேட்கும் ஏழைத் தாயை நாம் கண்டிருக்கிறோம். எழுதாமல் விட எமக்கு அதிகாரமில்லை. பொய்யாக எழுதவும் இயலாது. எனினும் அத்தாயைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. அவளை அந்நிலைக்குத் தள்ளியது அவளுடைய விசுவாசக் குறைவன்று. நாட்டின் அநீதியும் நம்முடைய அநீதியுமே. பழைய பக்கங்களிலிருந்து சாதிச் சொல்லை அழித்துவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்களும் உண்டு. அழித்தலாகாது. மத்தேயு தம் வரிசையில் தாமாரையும் இராகாபையும் உரியாவின் மனைவியையும் மறைக்கவில்லை. நடந்ததை மறைக்கும் ஏடு பிறகு எதற்கும் சாட்சியாகாது. புதிய பக்கங்களில் அச்சொல் வராதிருப்பதே நம் பரிகாரம்.

எம் கையால் நேர்ந்த பிழை

பிறர் எழுதியதைப் பற்றிப் பேசிய நாம், நாம் எழுதாமல் விட்டதையும் கூறவேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில் உதவிப் பங்குகுருவாக இருந்த காலம். கிளைக்கிராமம் ஒன்றின் திருநாளன்று பதினொரு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்தோம். பெயர்களைத் தனித்தனித் துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கி, செபப்புத்தகத்தில் செருகிக்கொண்டு, நாளை ஏற்றிக்கொள்ளலாம் என்று படுத்தோம். அந்த நாளை பத்து நாட்களாயிற்று. ஏட்டில் ஏறியவை பத்துப் பெயர்கள்.

பதினோராவது குழந்தை வளர்ந்து, திருமணம் நிச்சயமாகி, சான்றிதழ் கேட்டு வந்தபோது ஏட்டில் பெயர் இல்லை. அப்பெண் தனக்கு ஞானஸ்நானமே ஆகவில்லையோ என்று அழுதுவிட்டாள். அப்போது அங்கிருந்த குருவானவர் எம்மைத் தேடித் தொலைபேசியில் அழைத்தார். ஞானஸ்நானத்தை நிரூபிக்க ஐயத்திற்கிடமற்ற ஒரே சாட்சி போதும் என்று சட்டம் இரங்குகிறது. ஞானத்தாய் உயிரோடிருந்தார், நாமும் சாட்சி எழுதிக் கொடுத்தோம், ஏட்டில் ஏறியது, திருமணமும் இனிதே நடந்தது. ஆனால் ஓலைவேய்ந்த அந்தச் சிற்றாலயத்தில் நம் கையில் தவழ்ந்த குழந்தை, நம் சோம்பலால் இருபது ஆண்டுகளுக்கு மேல் திருச்சபையின் கணக்கில் இல்லாதவளாக இருந்தாள். அன்று முதல், ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து நேரே ஏட்டின் முன் சென்று அமர்வதை விதியாகக் கொண்டிருக்கிறோம்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

இனி வாசகக் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, வீட்டிலுள்ள முதியோரிடம் இன்றே கேளுங்கள். பாட்டனார், பாட்டியார், அவர்களுடைய பெற்றோர், பிறந்த ஊர், திருமணம் நடந்த கோவில், அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ‘புயல் வருஷத்தில் பிறந்தவன்’ என்று கூறினால் அப்படியே எழுதுங்கள். ஆண்டைப் பின்னர்க் கண்டுகொள்ளலாம். பெண்மக்களின் பிறந்தவீட்டையும் மறவாமல் எழுதுங்கள்.

இரண்டாவது, ஞானஸ்நானத்திற்கு வரும்போது பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரையும் எழுத்தையும் தாருங்கள். பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், கோவிலில் ஒரு பெயர் என்றிருந்தால், வெளிநாடு செல்லும் நாளில் அலைச்சல் உங்களுக்கே. பதிவைத் திருத்தித் தருமாறு குருவை வற்புறுத்தாதீர்கள். உரிய அனுமதியோடு ஓரத்தில் குறிப்பெழுதலாமேயன்றி, எழுதியதை அடிக்க எவருக்கும் உரிமையில்லை.

மூன்றாவது, முன்னோரைத் தேடி வருபவர் ஏட்டைத் தாமே புரட்ட விரும்பலாகாது. அதில் தத்தெடுத்தல் முதலான அந்தரங்கச் செய்திகளும் உள்ளன. குருவானவரோ எழுத்தரோ எடுத்துக் காட்டுவதைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஏடுகளை மொத்தமாக வெளி நிறுவனங்களிடம் ஒப்படைப்பதும் தகாது. வேற்றுச் சமயக் குழு ஒன்றின் வம்சாவளிச் சங்கத்திற்குப் பங்கு ஏடுகளைத் தரவேண்டாமென்று 2008-இல் உரோமையே ஆயர்களுக்கு எழுதியிருக்கிறது.

நான்காவது, பங்குப்பேரவையினருக்கு. கோவிலுக்குக் கொடியேற்றவும் கோபுரம் கட்டவும் இலட்சங்கள் திரட்டுகிறோம். ஏடுகளுக்கு இரும்பு அலமாரி ஒன்று வாங்கித் தர எத்தனை பேர் முன்வருகிறோம்? 2018 நவம்பரில் கஜா புயல் ஓடுகளைப் பறித்துக்கொண்டு போன இரவை மறந்துவிடவேண்டாம். தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி அலமாரியை வையுங்கள். வசம்பும் இலவங்கமும் கற்பூரமும் பொடித்துத் துணியில் முடிந்து வைக்கும் நம் பழைய முறை இன்றும் பயனுள்ளது. கிழிந்த தாளுக்குப் பிசின் நாடா ஒட்டாதீர்கள். அது தாளைக் கெடுக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, ஒரு படியை ஆயர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள். நம் பிள்ளைகள் கையில் கைப்பேசி இருக்கிறது. விடுமுறையில் இப்பணியைக் குருவானவரின் மேற்பார்வையில் அவர்களிடம் கொடுக்கலாம்.

முடிவாக, பெரியவரின் கதைக்கு வருவோம். அதே ஏட்டில் நான்காண்டுகள் தள்ளி, அதே பெற்றோருக்குப் பிறந்த பெண்குழந்தை ஒன்றின் பதிவும் கிடைத்தது. பாட்டனாருக்கு ஒரு தங்கை. திருமண ஏட்டைப் புரட்டினோம். உள்ளூரிலேயே மணம் முடித்திருந்தாள். அவளுடைய வழியில் வந்தவர்கள் இன்றும் எமது பங்கின் கீழத்தெருவில் வாழ்கின்றனர். கோவில்பிள்ளை ஓடிச்சென்று அழைத்துவந்தார். வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்த குடும்பத் தலைவர், காரில் வந்திருந்த பெரியவரைக் கண்டு சற்று ஒதுங்கி நின்றார். பெரியவரோ இரண்டு எட்டில் சென்று அவர் தோளைப் பற்றி, “நான் உனக்கு அண்ணன் முறை ஆகவேண்டும், தம்பி” என்றார். அன்று இரவு அவர்கள் அந்த ஓட்டு வீட்டில் புது நெல்லுச் சோறு உண்டார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டோம்.

புறப்படும்போது பேத்தி எம்மிடம் வந்து, தன் பெயரையும் தன் தம்பியின் பெயரையும் தாங்கள் ஞானஸ்நானம் பெற்ற மலேசியக் கோவிலின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். “நாளை எங்களைத் தேடி யாராவது வந்தால் சொல்லுங்கள், ஃபாதர்” என்றாள். அத்தாளை ஆன்ம நிலை ஏட்டில் கீழத்தெருக் குடும்பத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறோம். நற்கருணை வகுப்புச் சிறுவன் இன்று வளர்ந்துவிட்டான். வரும் டிசம்பரில் அவனையே அந்தப் பெயர் வரிசையைக் கோவிலில் வாசிக்கச் சொல்லியிருக்கிறோம்.